பணியில் உயிரிழந்த காவலரின் குடும்பத்துக்கு: அமெரிக்காவில் உதவித்தொகைகளைக் கேட்டுப் பெறும் முறை

அமெரிக்காவில் ஒரு காவலர் பணியின்போது உயிரிழந்தால், அவருடைய குடும்பத்துக்குச் சேர வேண்டிய பணம் ஒரே இடத்திலிருந்து வருவதில்லை. கூட்டாட்சி அரசு ஒரு தொகை தருகிறது. அவர் பணியாற்றிய மாநிலமோ நகரமோ வேறொரு தொகை தரக்கூடும். ஓய்வூதிய நிதி, தொழிலாளர் இழப்பீடு, சோஷியல் செக்யூரிட்டி எனப்படும் கூட்டாட்சி அரசின் சமூகப் பாதுகாப்புத் திட்டம், ஆயுள் காப்பீடு ஆகியவை தனித்தனி. ஒவ்வோர் அலுவலகமும் தனக்கென ஒரு படிவமும் ஒரு காலக்கெடுவும் வைத்திருக்கிறது. 'பணியில் உயிரிழப்பு' என்பதற்குத் தனக்கென ஒரு விளக்கமும் வைத்திருக்கிறது. காவல் துறை முழு மரியாதையுடன் இறுதிச் சடங்கு நடத்தியதாலேயே கூட்டாட்சித் தொகை கிடைத்துவிடும் என்று நினைத்துவிடக் கூடாது. அதேபோல, ஓர் அலுவலகம் மறுத்துவிட்டதால் மற்ற இடங்களிலும் கேட்க முடியாது என்று சோர்ந்துவிடவும் வேண்டியதில்லை. யாரும் தாமாக முன்வந்து எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுப்பதில்லை என்பதால், ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிக் கேட்க வேண்டியிருக்கிறது.

இத்தகைய இழப்பைச் சந்தித்த குடும்பத்துக்காகவும், அக்குடும்பத்தின் காகித வேலையைத் தோளில் போட்டுக்கொள்ளும் அண்ணன், தம்பி, மைத்துனி, நண்பர் போன்றோருக்காகவும் இக்கட்டுரை எழுதப்படுகிறது. துக்கத்தில் இருக்கும் மனைவியோ கணவரோ இதைத் தனியாகச் செய்து முடிக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

முதல் சில நாட்கள்

பெரும்பாலான காவல் துறைகள் இறப்பு நேர்ந்தவுடன் குடும்பத்துடன் தொடர்பில் இருப்பதற்கென்று ஓர் அலுவலரை நியமிக்கின்றன. அவர் இறுதிச் சடங்கு ஏற்பாடுகளில் பேருதவியாக இருப்பார். ஆனால் உதவித்தொகை விண்ணப்பங்களைக் கையாளுபவர் பெரும்பாலும் வேறொருவராக, பணியாளர் பிரிவிலோ ஓய்வூதியப் பிரிவிலோ இருப்பார். ஆகவே, கூட்டாட்சி விண்ணப்பத்தில் துறையின் பங்கை நிரப்பி அனுப்பப்போவது யார் என்பதை முதல் வாரத்திலேயே பெயருடன் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். சிறிய ஊர்களில், நான்கைந்து காவலர்களே உள்ள துறைகளில், இப்படியொரு விண்ணப்பத்தை யாரும் அதற்கு முன் பார்த்தே இருக்க மாட்டார்கள். அங்கே குடும்பமே துறைக்கு வழி சொல்ல வேண்டிய நிலையும் வரும்.

குடும்பத்தின் சார்பில் பேசுவதற்கு ஒருவரை மட்டும் வைத்துக்கொள்வது நல்லது. ஒரு நோட்டுப்புத்தகத்தில் தேதி, பேசியவரின் பெயர், அலுவலகம், அவர் சொன்ன செய்தி ஆகியவற்றை எழுதிவாருங்கள். ஆறு மாதம் கழித்து 'அந்தத் தாள் எங்களுக்கு வரவே இல்லை' என்று ஓர் அலுவலகம் சொல்லும்போது அந்த நோட்டுப்புத்தகம்தான் கைகொடுக்கும்.

இந்நாட்களில் செய்யக் கூடாதது ஒன்று உண்டு: திரும்பப் பெற முடியாத எதிலும் கையெழுத்திடக் கூடாது. ஓய்வூதிய நிதிகள் சில, மொத்தமாக ஒரு தொகையைப் பெற்றுக்கொள்வதா, வாழ்நாள் முழுதும் மாதந்தோறும் பெறுவதா என்று கேட்கும். மொத்தத் தொகை கையில் பெரிதாகத் தெரியும். ஆனால் அதைத் தேர்ந்தெடுத்த பிறகு மாற்றிக்கொள்ள இயலாமல் போகலாம். விதிமுறைகளை எழுத்தில் வாங்கி, கட்டணம் வாங்கிக்கொண்டு ஆலோசனை மட்டும் சொல்லும், எதையும் விற்காத ஒரு நிதி ஆலோசகரிடம் காட்டிய பிறகு முடிவெடுப்பதே சரி. காப்பீட்டுத் தொகை வந்தது தெரிந்தவுடன் முதலீட்டுத் திட்டங்களுடன் வீட்டுக்கு வருபவர்களிடமும் இதே எச்சரிக்கை வேண்டும்.

இறப்புச் சான்றிதழை வரி வரியாகப் படியுங்கள்

கேட்கும் இடமெல்லாம் சான்றளிக்கப்பட்ட பிரதியைத்தான் கேட்பார்கள் என்பதால், தொடக்கத்திலேயே பத்துப் பன்னிரண்டு பிரதிகளுக்குச் சொல்லிவிடுவது நல்லது. அதைவிட முக்கியம், அதில் என்ன எழுதியிருக்கிறது என்பது. அமெரிக்காவின் மாதிரி இறப்புச் சான்றிதழில் இறப்பின் தன்மை என்ற கட்டம் ஒன்று உண்டு. இயற்கை, விபத்து, தற்கொலை, கொலை, விசாரணை நிலுவையில் உள்ளது, தீர்மானிக்க இயலவில்லை என்பவற்றுள் ஒன்று அதில் குறிக்கப்பட்டிருக்கும். காயம் வேலையின்போது ஏற்பட்டதா என்று ஆம், இல்லை எனக் கேட்கும் சிறு கட்டமும் உண்டு. பலரும் கவனிக்காமல் விடும் இந்தச் சிறு கட்டத்தில் தவறாக 'இல்லை' என்று விழுந்திருந்தால், தொழிலாளர் இழப்பீடு முதல் விபத்துக் காப்பீடு வரை ஒவ்வோர் இடத்திலும் கேள்வி எழும். பிழை இருந்தால் மருத்துவப் பரிசோதகர் அலுவலகத்தில் திருத்தம் கேட்டுவிட்டு மற்ற விண்ணப்பங்களைத் தொடருங்கள்.

உடலில் மதுவோ மருந்தோ நஞ்சோ இருந்ததா என்று பார்க்கும் நச்சியல் பரிசோதனையின் முடிவு வராதபோது 'விசாரணை நிலுவையில்' என்று குறித்த சான்றிதழையே தருவார்கள். அதை வைத்துக்கொண்டு வங்கி வேலைகளையும் சோஷியல் செக்யூரிட்டி விண்ணப்பத்தையும் தொடங்கலாம். காரணத்தை அடிப்படையாகக் கொண்ட உதவித்தொகைகளுக்கு இறுதிச் சான்றிதழ் வந்ததும் அதன் பிரதிகளை மறுபடி வாங்க வேண்டும். எனவே எல்லாப் பிரதிகளையும் முதல் சான்றிதழிலேயே வாங்கிக் குவிக்க வேண்டாம்.

பிரேதப் பரிசோதனையைப் பற்றிப் பேசுவது கடினம். துப்பாக்கிச் சூட்டிலோ தாக்குதலிலோ இறந்தால் அது சட்டப்படி நடந்துவிடும். பணி முடிந்து வீட்டுக்கு வந்தபின் மாரடைப்பில் இறந்தவருக்கு அது தானாக நடக்காமல் போகலாம். குடும்பமும் வேண்டாம் என்று சொல்லிவிடலாம். மனம் ஒப்பாவிட்டாலும் இத்தகைய இறப்புகளில் பரிசோதனைக்கு ஒப்புக்கொள்வதே குடும்பத்துக்கு நல்லது என்பது என் கருத்து. ஏனென்றால் இறப்புக்கு இதயம்தான் காரணம் என்று நிறுவும் ஆதாரம் பிறகு வேறெங்கும் கிடைக்காது.

கூட்டாட்சி அரசின் ஒருமுறைத் தொகை

பெரும்பாலான குடும்பங்களுக்குப் பெரிய தனித்தொகை, பொதுப் பாதுகாப்பு அலுவலர் நலத் திட்டத்தின் கீழ் வருவது. ஆங்கில எழுத்துகளைக் கொண்டு இதைப் பி.எஸ்.ஓ.பி. என்றே எல்லோரும் அழைக்கிறார்கள். 1976-இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி தொடக்கத்தில் 50,000 டாலராக இருந்த தொகை, 1988-இல் 1,00,000 டாலராகவும், 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு 2,50,000 டாலராகவும் உயர்த்தப்பட்டது. விலைவாசிக்கு ஏற்ப ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர் 1 அன்று அது மாறுகிறது. 2024 அக்டோபரில் தொடங்கிய நிதியாண்டுக்கு அது 4,48,575 டாலராக இருந்தது. அமெரிக்க நீதித் துறையின் கீழ் உள்ள நீதி உதவிப் பணியகம் இதை நிர்வகிக்கிறது. நகரம், மாவட்டம், மாநிலம், கூட்டாட்சி என எந்த அரசமைப்பின் காவலருக்கும் இது பொருந்தும். சம்பளம் பெறாமல் சேவை செய்யும் தன்னார்வக் காவலருக்கும் பொருந்தும். சிறைக் காவலர்களும் தீயணைப்பு வீரர்களும் இதே திட்டத்தில் அடங்குவர். எத்தனை ஆண்டு பணி செய்தார், எவ்வளவு சம்பளம் வாங்கினார் என்ற கணக்கு இதில் இல்லை. பணியில் சேர்ந்த முதல் நாளில் உயிரிழந்தவரின் குடும்பத்துக்கும் அதே தொகைதான்.

விண்ணப்பம் இரண்டு பகுதிகளாகப் போகிறது. ஒன்று, குடும்பம் நிரப்பும் கோரிக்கை. மற்றொன்று, காவல் துறை நிரப்பும் இறப்பு அறிக்கை. இரண்டும் போய்ச் சேர்ந்தால்தான் கோப்பு நகரும். குடும்பத்தின் பகுதி சில வாரங்களில் முடிந்துவிடும். துறையின் பகுதிதான் பெரும்பாலும் தங்கிவிடுகிறது. சம்பவ விவரம், விசாரணை அறிக்கை, பிரேதப் பரிசோதனை அறிக்கை, நச்சியல் அறிக்கை, அன்றைய பணி நேர அட்டவணை ஆகியவற்றைத் துறையே சேர்த்து அனுப்ப வேண்டும். கொலை வழக்கு நீதிமன்றத்தில் இருப்பதால் விசாரணைக் கோப்பைத் தர முடியாது என்று அரசு வழக்கறிஞர் அலுவலகம் தயங்குவதும் உண்டு. அப்போது என்ன தரலாம், எப்போது தரலாம் என்று அவர்கள் நேரடியாகப் பி.எஸ்.ஓ.பி. அலுவலகத்துடன் பேசும்படி கேளுங்கள். வழக்கு முடியட்டும் என்று குடும்பம் காத்திருக்கத் தேவையில்லை.

இறந்த நாளிலிருந்து 3 ஆண்டுகளுக்குள் விண்ணப்பிப்பது பொது விதி. தகுந்த காரணம் இருந்தால் நீட்டிப்புக் கேட்க முடியும் என்றாலும், அதை நம்பித் தள்ளிப்போட வேண்டாம். விண்ணப்பத்துக்குக் கட்டணம் எதுவும் இல்லை. 'விரைவில் வாங்கித் தருகிறோம்' என்று முன்பணம் கேட்பவர் யாராக இருந்தாலும் விலகி நில்லுங்கள். வழக்கறிஞரை வைத்துக்கொண்டால்கூட அவர் வாங்கும் கட்டணம் இத்திட்டத்தின் விதிகளுக்கு உட்பட்டது. முடிவு வர மாதங்கள் ஆகும். சிக்கலான கோப்புகளில் ஆண்டுக்கும் மேல் ஆகும். இந்தத் தாமதம் குறித்து எழுந்த குறைகளின் விளைவாக 2017-இல் ஒரு சட்டத் திருத்தம் வந்தது. நிலுவையில் உள்ள கோரிக்கைகளின் நிலையை வாரந்தோறும் இணையத்தில் வெளியிட வேண்டும் என்பதும், துறையின் கண்டறிதல்களுக்கு உரிய மதிப்புத் தர வேண்டும் என்பதும் அதன் முக்கியக் கூறுகள். எது எப்படியானாலும், இந்தப் பணத்தை நம்பி அடுத்த மாத வீட்டுத் தவணையைத் திட்டமிடாதீர்கள்.

தொகை மறுக்கப்படும் சூழ்நிலைகளையும் முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது. வேண்டுமென்றே செய்த தவறான நடத்தை, தானாக விரும்பி ஏற்படுத்திக்கொண்ட போதை, மிகக் கடுமையான அலட்சியம் ஆகியவை காரணமாக அமைந்தால் தொகை கிடைக்காது. இறப்புக்குப் பெரிதும் காரணமாக இருந்தவரே பயனாளி என்றால் அவருக்கும் கிடைக்காது. சீட் பெல்ட் அணியவில்லை என்பது போன்ற சாதாரணக் கவனக்குறைவு வேறு, கடுமையான அலட்சியம் வேறு. முதலாவதைக் கேட்டுப் பயந்து விண்ணப்பிக்காமல் இருந்துவிடாதீர்கள். பணி நேரம் முடிந்தபின் கண்முன் நடந்த குற்றத்தைத் தடுக்கப் போய் உயிரிழந்தவரின் குடும்பமும், அவருக்கு அந்த அதிகாரமும் கடமையும் இருந்ததைத் துறை எழுத்தில் உறுதிசெய்தால், விண்ணப்பிக்கலாம்.

மாரடைப்பும் மனக்காயமும்

குண்டடிபட்டு இறப்பவர்களுக்கு மட்டுமே இத்திட்டம் என்ற எண்ணம் இன்னும் பரவலாக இருக்கிறது. அது சரியல்ல. 2003-இல் வந்த திருத்தத்தின்படி, வழக்கத்துக்கு மாறான, மன அழுத்தமோ கடும் உடலுழைப்போ நிறைந்த பணியில் ஈடுபட்ட ஒருவருக்கு அந்தப் பணியின்போதோ, பணியில் இருக்கும்போதோ, அந்தச் செயலுக்குப் பின் 24 மணி நேரத்துக்குள்ளோ மாரடைப்பு அல்லது பக்கவாதம் ஏற்பட்டு இறந்தால், அது பணியால் நேர்ந்த காயம் என்றே முதலில் எடுத்துக்கொள்ளப்படும். இரத்தக்குழாய் வெடிப்பும் பின்னர் இதில் சேர்க்கப்பட்டது. மேசைப் பணி, கோப்புப் பணி இதில் வராது.

இங்கே குடும்பம் செய்ய வேண்டியது, கடைசி 24 மணி நேரத்தை மறுபடி கட்டியெழுப்புவது. ஒருவரைத் துரத்திப் பிடித்தாரா, தகராறு செய்தவரை மடக்கினாரா, நீரில் இறங்கி யாரையேனும் மீட்டாரா, கடுமையான உடற்பயிற்சி வகுப்பில் இருந்தாரா என்பதையெல்லாம் அழைப்புப் பதிவேடு, வானொலிப் பதிவு, உடலில் அணிந்த கேமராவின் காணொளி, உடன் பணியாற்றியவர்களின் வாக்குமூலம் ஆகியவை சொல்லும். இவற்றில் சில, துறையின் விதிப்படி குறிப்பிட்ட காலத்துக்குப் பின் அழிக்கப்பட்டுவிடும். ஆகவே அந்தப் பதிவுகளைப் பாதுகாத்து வைக்கும்படி துறைக்கு உடனே எழுத்தில் கேட்டுவிடுங்கள். அவருக்கு ஏற்கெனவே இரத்த அழுத்தமோ சர்க்கரையோ இருந்தது என்பதற்காகப் பின்வாங்க வேண்டாம். ஆபத்துக் காரணிகள் இருந்தன என்பதை மட்டும் வைத்து அந்த அனுமானத்தை உடைத்துவிட முடியாது. இறப்புச் சான்றிதழில் 'இயற்கை' என்று குறிக்கப்பட்டிருந்தாலும் இதே நிலைதான்.

தற்கொலையால் உயிரிழந்த காவலர்களின் குடும்பங்களுக்கு நெடுங்காலம் இத்தொகை மறுக்கப்பட்டே வந்தது. 2022 ஆகஸ்டில் கையெழுத்தான சட்டம் இதை மாற்றியது. பணியில் கண்ட கொடிய நிகழ்வு ஒன்றின் விளைவாக ஏற்பட்ட மனக்காயத்தையும் பணிக்காயமாக ஏற்கும் இச்சட்டம், அந்நிகழ்வுக்குப் பின் 45 நாட்களுக்குள் நேர்ந்த தற்கொலைக்குக் குடும்பத்துக்குச் சாதகமான அனுமானத்தையும் தருகிறது. 2019 ஜனவரி 1 முதல் நேர்ந்த இறப்புகளுக்கும் இதன் பயன் நீட்டிக்கப்பட்டது. எந்த நிகழ்வு, எந்தத் தேதி, அதில் அவர் பங்கு என்ன என்பதைத் துறையின் பதிவுகளோடு பொருத்திக் காட்டுவதுதான் இவ்விண்ணப்பத்தின் உயிர். சிகிச்சைக் குறிப்புகளை வெட்கத்தால் ஒளித்துவைக்கத் தேவையில்லை. அவை குடும்பத்துக்குத் துணையாகவே பேசும்.

பணம் யாருக்குப் போகும்

பி.எஸ்.ஓ.பி. தொகையில் உயிலுக்கு இடமில்லை. பங்கீட்டைச் சட்டமே வரிசைப்படுத்தியிருக்கிறது. மனைவி அல்லது கணவர் மட்டும் இருந்தால் முழுத் தொகையும் அவருக்கு. மனைவியும் குழந்தைகளும் இருந்தால் பாதி மனைவிக்கு, மறுபாதி குழந்தைகளுக்குச் சமமாக. மனைவி இல்லையென்றால் எல்லாம் குழந்தைகளுக்கு. இருவரும் இல்லாதபோது, இத்திட்டத்துக்கென்று துறையிடம் காவலர் எழுதிக் கொடுத்த நியமனதாரருக்குப் போகும். அப்படி எழுதியிருக்காவிட்டால், துறையிடம் உள்ள அண்மைய ஆயுள் காப்பீட்டுப் பத்திரத்தின் நியமனதாரருக்கு. அதுவும் இல்லையென்றால் பெற்றோருக்கு. இவர்கள் யாருமே இல்லாதபோதுதான் வயது வந்த பிள்ளைகள் வருகிறார்கள்.

காயம் நேர்ந்தபோது 18 அல்லது அதற்குக் குறைந்த வயதில் இருப்பவரே இங்கே குழந்தை. முழுநேரம் படிக்கும் 23 வயதுக்குட்பட்டவரும், உடல் அல்லது மன இயலாமையால் தானே பிழைக்க முடியாத மூத்த பிள்ளையும் இதில் சேர்வர். முந்தைய மணத்தில் பிறந்த குழந்தை, மணத்துக்கு வெளியே பிறந்த குழந்தை, தத்தெடுத்த குழந்தை, தந்தை இறந்தபின் பிறந்த குழந்தை என எல்லோருக்கும் சம உரிமை உண்டு. வளர்ப்புக் குழந்தைக்கும் நிபந்தனைகளுடன் உண்டு. விண்ணப்பத்தில் ஒரு குழந்தையை மறைத்தால் எல்லோருடைய பங்கும் நின்றுவிடும். காவலருக்கோ இப்போதைய மனைவிக்கோ முன்பு திருமணம் நடந்திருந்தால், அது எப்படி முடிந்தது என்பதற்கான மணமுறிவுத் தீர்ப்பையோ இறப்புச் சான்றிதழையோ இணைக்க வேண்டும். பிரிந்து வாழ்ந்தும் சட்டப்படி மணமுறிவு பெறாத மனைவி இன்னும் மனைவியே என்பதால் பெற்றோருடன் பிணக்கு எழுவது இந்தப் புள்ளியில்தான்.

மற்ற இடங்களில் விதி வேறு. ஆயுள் காப்பீடும் பணிக்காலச் சேமிப்புக் கணக்கும் நியமனப் படிவத்தில் யார் பெயர் இருக்கிறதோ அவருக்கே போகும். பத்தாண்டுக்கு முன் எழுதிய பெயர் மாற்றப்படாமல் இருந்தால் அதற்கு ஒன்றும் செய்வதற்கில்லாமல் போகக்கூடும். இப்போது பணியில் இருக்கும் காவலர் இதைப் படித்தால், பி.எஸ்.ஓ.பி., காப்பீடு, ஓய்வூதியம், சேமிப்பு ஆகிய நான்கு நியமனப் படிவங்களையும் இந்த மாதமே எடுத்துப் பாருங்கள்.

வேறு நாட்டில் பெற்ற ஆவணங்கள்

திருமணமோ பிறப்போ இந்தியாவிலோ இலங்கையிலோ பதிவாகியிருந்தால் இரண்டு சிக்கல்கள் வரும். ஒன்று, தமிழில் உள்ள சான்றிதழுக்கு, மொழிபெயர்த்தவர் தம் தகுதியையும் மொழிபெயர்ப்பின் முழுமையையும் உறுதிசெய்து கையெழுத்திட்ட ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும். மற்றொன்று பெயர். தந்தை பெயரை முதலெழுத்தாகக் கொண்ட 'எஸ். முருகன்' என்னும் ஒருவர், கடவுச்சீட்டில் 'முருகன் சுப்பிரமணியன்' என்றும், காவல் துறைப் பதிவில் 'சுப்பிரமணியன்' என்றும் இருக்கலாம். மனைவியின் பெயரில் ஓரிடத்தில் தந்தை பெயரும் மற்றோரிடத்தில் கணவர் பெயரும் இருக்கலாம். அமெரிக்க எழுத்தருக்கு இவர்கள் மூன்று வெவ்வேறு ஆட்கள். இந்தப் பெயர்கள் அனைத்தும் ஒரே நபரைக் குறிக்கின்றன என்று நோட்டரி முன் கையெழுத்திட்ட ஓர் உறுதிமொழிப் பத்திரத்தைத் தொடக்கத்திலேயே தயாரித்து, எல்லா விண்ணப்பங்களுடனும் இணைத்துவிடுங்கள். கோவிலில் மட்டும் நடந்து பதிவு செய்யப்படாத திருமணம் என்றால் வழக்கறிஞரை அணுகுவதைத் தள்ளிப்போட வேண்டாம்.

உயிரிழந்த காவலர் அமெரிக்கக் குடிமகனாக இருந்து, மனைவிக்கு இன்னும் கிரீன் கார்டு கிடைக்காத நிலை என்றால், கணவரின் மறைவோடு அந்த வழி அடைபட்டுவிடுவதில்லை. இறந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள், மறுமணம் செய்துகொள்ளாத நிலையில், அவரே தமக்காக மனு செய்துகொள்ள முடியும்.

மாநிலமும் துறையும் தருபவை

இங்கே ஊருக்கு ஊர் வேறுபாடு பெரிது. டெக்சாஸ் மாநிலம் பணியில் உயிரிழந்த காவலரின் குடும்பத்துக்கு 5,00,000 டாலர் தனியாகத் தருகிறது. வேறு மாநிலங்களில் தொகை மிகக் குறைவாக இருக்கலாம். மாநில அரசின் தொகைக்கான காலக்கெடு கூட்டாட்சியின் 3 ஆண்டைவிடக் குறுகியதாக இருக்கக்கூடும் என்பதால் அதை முதலில் விசாரியுங்கள்.

தொழிலாளர் இழப்பீடு என்பது வேலையில் நேரும் எந்த இறப்புக்கும் உரியது, காவலருக்கும் உண்டு. மனைவிக்கும் குழந்தைகளுக்கும் வாராந்தரத் தொகையும், இறுதிச் சடங்குச் செலவில் ஒரு பகுதியும் இதில் கிடைக்கும். மறுமணம் செய்துகொண்டால் பல மாநிலங்களில் இது நின்றுவிடும். கூட்டாட்சி அரசின் காவலர் என்றால் அவருக்குரிய சட்டம் தனி: குழந்தைகள் இல்லாத மனைவிக்கு மாதச் சம்பளத்தில் 50 விழுக்காடு, குழந்தைகள் இருந்தால் மனைவிக்கு 45 விழுக்காடும் ஒவ்வொரு குழந்தைக்கும் 15 விழுக்காடும், எல்லாம் சேர்த்து 75 விழுக்காட்டுக்கு மேற்படாமல்.

ஓய்வூதிய நிதியிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, இந்த இறப்பு 'பணிக்கால இறப்பு' என்று பதியப்படுகிறதா, 'பணியால் நேர்ந்த இறப்பு' என்று பதியப்படுகிறதா என்பது. இரண்டாவதற்கே பொதுவாகக் கூடுதல் ஓய்வூதியம். வருமான வரிச் சலுகையும் அதையே சார்ந்தது. எடுக்காத விடுப்புக்கான பணம், கடைசிச் சம்பளம், கூடுதல் நேரப் படி ஆகியவற்றையும் கேட்டு வாங்குங்கள். மருத்துவக் காப்பீடு அந்த மாத இறுதியிலேயே நின்றுவிடுமா என்பதை உடனே விசாரிக்க வேண்டும். பல மாநிலங்களும் நகரங்களும் குடும்பத்துக்குக் காப்பீட்டைத் தொடர்ந்து தருகின்றன. அவ்வாறு இல்லாவிட்டால், கோப்ரா சட்டத்தின் கீழ் சொந்தச் செலவில் 36 மாதம் வரை அதே காப்பீட்டைத் தொடரலாம், ஆனால் அதைத் தேர்ந்தெடுக்க 60 நாட்களே அவகாசம்.

சோஷியல் செக்யூரிட்டி

ஒருமுறை தரப்படும் 255 டாலர் என்பது பெயருக்குத்தான். 2 ஆண்டுகளுக்குள் கேட்டால் கிடைக்கும். மாதத்தொகைதான் முக்கியம். 18 வயதுக்குட்பட்ட குழந்தைக்கு, பள்ளியில் முழுநேரம் படித்தால் 19 வரை, தந்தையின் வருமானத்தை வைத்துக் கணக்கிடப்படும் அடிப்படைத் தொகையில் 75 விழுக்காடு கிடைக்கும். 16 வயதுக்குட்பட்ட குழந்தையை வளர்க்கும் மனைவிக்கு எந்த வயதிலும் அதே அளவு உண்டு. குழந்தை இல்லாதவர் 60 வயது வரை காத்திருக்க வேண்டும். மொத்தக் குடும்பத்துக்கும் ஓர் உச்சவரம்பு இருப்பதால், குழந்தைகள் பலர் இருந்தால் ஒவ்வொருவர் பங்கும் குறையும். 60 வயதுக்கு முன் மறுமணம் செய்துகொண்டால் கைம்பெண்ணுக்குரிய தொகை நிற்கும், குழந்தைகளுடையது நிற்காது. இந்த விண்ணப்பத்தை இணையத்தில் முடிக்க இயலாது, தொலைபேசியிலோ நேரிலோதான் செய்ய வேண்டும். பின்தேதியிட்டுத் தருவதற்கு வரம்பு இருப்பதால் தாமதிக்கும் மாதங்களுக்கான தொகை நிரந்தரமாகவே போய்விடக்கூடும்.

சில துறைகளின் காவலர்கள் தனி ஓய்வூதியம் பெறுவதால் சோஷியல் செக்யூரிட்டிக்குப் பணம் செலுத்துவதில்லை. 'எங்கள் துறையில் அது கிடையாது' என்று யாராவது சொன்னாலும் விண்ணப்பித்துப் பாருங்கள். அண்மையில் வேறொரு வேலை பார்த்திருந்து, இறப்புக்கு முந்தைய 13 காலாண்டுகளில் 6 காலாண்டு செலுத்தியிருந்தாலே குழந்தைகளுக்கும் அவர்களை வளர்க்கும் தாய்க்கும் உரிமை வந்துவிடும். மனைவி ஆசிரியர் போன்ற வேலையில் இருந்து தம் பெயரில் அத்தகைய தனி ஓய்வூதியம் பெற்றால், முன்பு அதில் மூன்றில் இரண்டு பங்கு கைம்பெண் தொகையிலிருந்து கழிக்கப்பட்டது. 2025 ஜனவரியில் கையெழுத்தான சட்டம் இந்தக் கழிவை 2024 ஜனவரியிலிருந்தே நீக்கிவிட்டது. முன்பு இக்காரணத்தால் ஒன்றும் கிடைக்காது என்று விண்ணப்பிக்காமல் விட்டவர்கள் இப்போது விண்ணப்பிக்க வேண்டும்.

வரியும் கடன்காரர்களும்

பி.எஸ்.ஓ.பி. தொகைக்குக் கூட்டாட்சி வருமான வரி இல்லை. கடன்காரர்கள் அதைப் பறிமுதல் செய்யவும் முடியாது. பணியில் கொல்லப்பட்ட காவலருக்காக அரசு ஓய்வூதியத் திட்டம் குடும்பத்துக்குத் தரும் மாதத்தொகைக்கும், அது அவருடைய பணியின் அடிப்படையில் வருவதாக இருந்தால், கூட்டாட்சி வரிவிலக்கு உண்டு. ஓய்வூதிய நிதி அனுப்பும் ஆண்டுப் படிவத்தில் இத்தொகையை வரிக்குரியதாகத் தவறாகக் குறித்துவிடும் வாய்ப்பு இருப்பதால், முதல் ஆண்டுப் படிவத்தை ஒரு கணக்காளரிடம் காட்டிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். குழந்தையின் பங்காக வரும் தொகையை அந்தக் குழந்தையின் பெயரில் தனிக் கணக்கில் வைக்க வேண்டும். அன்றாடச் செலவுக் கணக்கில் கலந்துவிட்டால் பின்னால் கணக்குக் காட்டுவது கடினம்.

மறுப்பு வந்தால்

மறுப்புக் கடிதத்தின் தேதியை அன்றே குறித்துக்கொள்ளுங்கள். பி.எஸ்.ஓ.பி.யில் 33 நாட்களுக்குள் விசாரணை அலுவலர் முன் மறுபரிசீலனை கேட்கலாம். அங்கே புதிய ஆதாரமும் சாட்சியும் கொண்டுவர முடியும் என்பதால் உண்மையில் வழக்கு வெல்லப்படுவதும் தோற்கப்படுவதும் இந்தப் படியில்தான். அதுவும் சாதகமாக இல்லாவிட்டால் மறுபடி 33 நாட்களுக்குள் பணியகத்தின் இயக்குநரிடம் முறையிடலாம். அதற்கும் மேல், 90 நாட்களுக்குள் வாஷிங்டனில் உள்ள ஃபெடரல் சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றம். நீதிமன்றம் ஏற்கெனவே உள்ள கோப்பைத்தான் பார்க்கும். ஆகவே இதயநோய் நிபுணரின் கருத்து, உடன் பணியாற்றியவரின் வாக்குமூலம் போன்றவை விசாரணை அலுவலர் முன்பே கோப்பில் ஏறியிருக்க வேண்டும். 1984-இல் தொடங்கப்பட்ட 'கன்சர்ன்ஸ் ஆஃப் போலீஸ் சர்வைவர்ஸ்' என்னும் அமைப்பு, இப்படிக் குடும்பத்தில் ஒருவரை இழந்தவர்களாலேயே நடத்தப்படுவது. இந்தப் பாதையில் முன்பே நடந்துவந்த ஒருவரை அது அறிமுகப்படுத்தி வைக்கும். சிறு குழந்தைகள் உள்ள குடும்பங்களின் வீட்டுக்கடனை அடைத்துத் தரும் 'டனல் டு டவர்ஸ்' அறக்கட்டளையையும் கேட்டுப் பார்க்கலாம்.

படிப்புக்கான உதவி

பி.எஸ்.ஓ.பி. ஒப்புதல் கிடைத்த பிறகு, மனைவியும் பிள்ளைகளும் உயர்கல்விக்கு மாத உதவி கேட்கலாம். இதற்கு விண்ணப்பம் தனி. 2024 அக்டோபரில் தொடங்கிய நிதியாண்டில் முழுநேர மாணவருக்கு மாதந்தோறும் 1,536 டாலர் வரை தரப்பட்டது. மொத்தம் 45 மாதங்களுக்கு இது உண்டு. பிள்ளைகளுக்கு 27 வயது வரையில்தான் இது கிடைக்கும். மனைவிக்கு அந்த வரம்பு இல்லை. இரண்டு வயதில் தந்தையை இழந்த குழந்தைக்கு இந்த உரிமை பயன்படப் பதினாறு ஆண்டுகள் ஆகும் என்பதால், ஒப்புதல் கடிதத்தையும் கோரிக்கை எண்ணையும் வங்கிப் பெட்டகத்தில் வைப்பதோடு, குழந்தைக்கும் காப்பாளருக்கும் அது எங்கே இருக்கிறது என்பதைச் சொல்லி வைக்க வேண்டும். இதைத் தவிர, பணியில் உயிரிழந்த காவலரின் பிள்ளைகளுக்குக் குடும்ப வருமானத்தைப் பாராமல், கூட்டாட்சி அரசு கல்லூரி மாணவர்களுக்குத் தரும் பெல் உதவித்தொகையை முழுமையாகத் தரச் சட்டம் இடமளிக்கிறது. கல்லூரி நிதியுதவிப் படிவத்தை நிரப்பியதோடு நில்லாமல், தந்தை பணியில் இறந்ததற்கான சான்றைக் கல்லூரியின் நிதியுதவி அலுவலகத்தில் தனியாகக் கொடுக்க வேண்டும். கலிபோர்னியா அரசுப் பல்கலைக்கழகங்களில் ஆலன் பாட்டீ திட்டத்தின் கீழ் கல்விக் கட்டணமே தள்ளுபடியாவது போல, மாநில அளவிலும் இத்தகைய சலுகைகள் உள்ளன. சேர்க்கைக்கு விண்ணப்பிக்கும்போதே கேட்டுவிட்டால், கட்டியபின் திரும்பக் கேட்கும் அலைச்சல் இல்லை.